கண்ணாடிக்காரர் பார்க்காத அடிப்பக்கம்

என் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தப்பிய துரு இந்த உலகத்தில் கிடையாது. இது நான் சொல்வதில்லை, அவரே சொல்வது. கடலோர ரசாயனத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. குழாய்க்கு அடியில், தொட்டிக்கு அடியில், இரும்புப் படிக்கட்டுக்கு அடியில், சாதாரண மனிதர்கள் எங்கெல்லாம் குனிந்து பார்க்க மாட்டார்களோ அங்கெல்லாம் இவர் குனிந்து பார்ப்பார். கையில் ஒரு நீளக் கம்பி இருக்கும். அதன் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதை அடியில் நீட்டி, டார்ச் அடித்து, எங்கே பெயின்ட் உப்பியிருக்கிறது, எங்கே உரிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுவார். அங்கே எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார், சொந்தப் பெயர் அப்புறம்தான்.

அதே கண்கள் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். எதிரே இருக்கிற உப்பு டப்பா தெரியாது. கட்டிலுக்கு அடியில் கிடக்கிற சொந்தச் செருப்பு தெரியாது. "இங்கதானே வெச்சேன்" என்று வீடு முழுக்கச் சுற்றி வருவார். நான் போய்க் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். கண்ணாடி எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

வேலையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். நானும் மகளும் கேட்டுக் கேட்டு, நாங்களே போய் அந்த வேலையைப் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேறிவிட்டோம். சூடான குழாய்களைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதற்கு மேல் தகரம் போர்த்தியிருப்பார்களாம். வெளியிலிருந்து பார்த்தால் தகரம் பளபளவென்று இருக்கும். ஏதோ ஒரு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பஞ்சு அதைக் குடித்துவிட்டு விடவே விடாதாம்.

"பளபளன்னு இருக்குதேன்னு ஏமாந்துடக் கூடாது. பஞ்சு தண்ணி குடிச்சதுன்னா குழாய் கதை முடிஞ்சது" என்பார். "இரும்பாவது சிவப்பா துருப்பிடிச்சுக் காட்டிக்கொடுக்கும். இந்த அலுமினியம் இருக்கே, அது சரியான திருடன். வெள்ளையா மாவு மாதிரி பூக்கும், அவ்வளவுதான். உள்ள குழிகுழியா தின்னுக்கிட்டே போகும்."

"சரிங்க, சாதத்தைத் தின்னுங்க" என்பேன் நான்.

அங்கே அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற ஒரு வழக்கம் உண்டு. எந்த இயந்திரத்திலாவது ஏதோ சரியில்லை என்று யாருக்காவது தோன்றினால், சிவப்பு மார்க்கரால் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம். போட்டது யார் என்று கேட்கக் கூடாது. ஏன் போட்டாய் என்றும் கேட்கக் கூடாது. திறந்து பார்க்கும்வரை அதை ஓட்டக் கூடாது. ஒருமுறை தரை பெருக்குகிற அம்மா ஒரு பம்பில் குறி போட்டுவிட்டார். புதிதாக வந்த மேனேஜர் அதைத் துடைத்துவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறார். இவர் என்ன செய்தார் தெரியுமா? பம்பின் முன்னால் நாற்காலியைப் போட்டு மூன்று மணிநேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் திறந்து பார்த்தால் உள்ளே அச்சில் விரிசல். ஓட்டியிருந்தால் பக்கத்தில் நின்றவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் இவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறு யாருக்கோ போயிற்று. அன்றைக்கு நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கொள்ளைப் பெருமை. அதை மட்டும் இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தாங்க மாட்டார்.

இப்படிப்பட்ட மகானுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. எட்டு வருட வண்டி. பெட்ரோல் டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு அபிஷேகம் நடக்கும். ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, மேலேயும் கீழேயும் பீய்ச்சி அடிப்பார். அப்புறம் டேங்க்குக்கு மெழுகு, கைப்பிடிக்கு ஒரு துணி, விளக்குக்கு இன்னொரு துணி. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் எனக்குத் தலை துடைக்க ஒரு துண்டு எடுத்துக் கொடுத்ததில்லை, அது வேறு விஷயம். எல்லாம் முடிந்ததும், கீழே தண்ணீர் சொட்டச் சொட்ட, தரை வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடிவிடுவார்.

"ஈரத்தோட மூடாதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"தூசி படிஞ்சிடும்."

"காத்து போகாதே. உள்ள வேர்த்துப்போயிடாதா?"

"உன் தையல் மெஷினை நீ பாரு. இது என் டிபார்ட்மென்ட்."

சரி, என் டிபார்ட்மென்டையும் சொல்லிவிடுகிறேன். நான் சோபாவுக்கும் வண்டி சீட்டுக்கும் உறை தைக்கிறவள். முன்னறையில் என் மெஷின் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைக் கொட்டகை, அதற்குள் அந்த ராஜாவின் சிம்மாசனம். அதனால் வண்டியை நான் பார்க்காத நாளில்லை. ஸ்பாஞ்சைப் பற்றியும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒருதரம் நனைந்தால் மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், அமுக்கினால் மூன்றாம் நாளும் தண்ணீர் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடற்கரைச் சாலையைப் பெயர்த்துப் போட்டார்கள். ஜல்லி தெறித்து இன்ஜினின் அடியில் படுகிறது என்று இவர் ஒரு தகரத் தட்டை வளைத்து, ஓட்டை போட்டு, இன்ஜினுக்குக் கீழே கவசமாக மாட்டினார். எண்ணெய் மாற்றுகிற போல்ட்டுக்கு நேராக ஒரு வட்டத்தை வெட்டிவிட்டார். தட்டைக் கழற்றாமலே எண்ணெய் மாற்றலாமாம். தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வட்டத்தைக் காட்டினார். ஆகா ஓகோ என்றார்கள். மறுநாள் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காலேஜுக்குப் போனார். சாயங்காலம் அவள் வந்து, "என்னப்பா, பாத்திரக்கடையே கூட வர்ற மாதிரி தடதடங்குது, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்று முகத்தைச் சுளித்தாள்.

அவ்வளவுதான். மகள் முகம் சுளித்தால் அவருக்கு உலகமே இருண்டுவிடும். அவளுடைய சின்ன வயசுக் கட்டிலில் கிடந்த மெத்தையைப் பரணிலிருந்து இறக்கி, ஸ்பாஞ்சைத் துண்டு போட்டு, தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இறுக்கி அடைத்துவிட்டார். சத்தம் நின்றுவிட்டது. மகள் சிரித்தாள்.

நான் அன்றைக்கே சொன்னேன். "ஸ்பாஞ்ச் தண்ணி குடிக்குமேங்க. கடல் தண்ணி தெறிக்கிற ரோடு. நீங்கதானே பஞ்சு, குழாய்னு தினம் கதை சொல்றீங்க?"

"அது ஃபாக்டரி குழாய், இது வண்டி" என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். என்ன செய்வது, அது அவர் டிபார்ட்மென்ட்.

இந்த வருடம் மகளுக்கு வேலை கிடைத்தது. கடற்கரைச் சாலையில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளித் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு ஆய்வுக்கூடம். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இவர் என்ன செய்தார், வண்டிச் சாவியை ஒரு மோதிரப் பெட்டியில் வைத்து அவளிடம் நீட்டினார். இருபத்துமூன்று வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். "பாப்பா, இனிமே இது உன் வண்டி. நான் ஃபாக்டரி பஸ்ல போயிக்கறேன்" என்றார். பெண் குதித்தாள். அடுத்த திங்கட்கிழமை முதல் நாள் வேலை என்று முடிவாயிற்று.

அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கு அந்தக் கொட்டகைத் தரை சரியாகப் படவில்லை. பெருக்கும்போது வண்டிக்கு நேர் கீழே வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ உதிர்ந்து கிடக்கும். இன்றைக்குப் பெருக்கினால் நாலாம் நாள் மறுபடி கிடக்கும். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்.

"சுவத்துல இருந்து சுண்ணாம்பு உதிருது" என்றார்.

கொட்டகைச் சுவர் பச்சை. போன வருடம் அவரே நின்று அடித்த பச்சை.

அதற்கு அடுத்த வாரம் அதே இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. தொட்டால் வழுக்கியது. அதையும் காட்டினேன். "எதிர்வீட்டு பேங்க்காரர் ஸ்கூட்டர் ஒழுகுது. அது ரோட்டுல விட்டதை நம்ம டயர் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்றார். பாவம் அந்த பேங்க்காரர், தானுண்டு தன் ஸ்கூட்டருண்டு என்று இருக்கிற மனிதர். நான் விடவில்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தேன். காலையில் பேப்பரின் நடுவில் காசு அகலத்துக்கு எண்ணெய். டயர் பட்ட இடத்தில் ஒன்றுமில்லை. பேப்பரைக் கொண்டுபோய் அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் போட்டு விளையாட்டுச் செய்தி படித்தார்.

"இன்ஜின்ல எண்ணெயும் குறையுதாமே, போன வாரம் ஊத்தினீங்களே?"

"வயசான இன்ஜின். கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்."

"ஒரு தரம் அந்தத் தட்டைக் கழட்டிப் பாத்துடுங்களேன். புள்ள தனியா போகப்போறா."

"கழட்டினா மறுபடி அந்தப் பொருத்தம் வராது. தடதடன்னு சத்தம் வரும். பாப்பாவுக்குப் பிடிக்காது."

"உங்க கண்ணாடியையாவது நீட்டிப் பாருங்க."

"தட்டுக்குக் கீழ கண்ணாடி நீட்டினா தட்டுதான் தெரியும். யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசு. இருபத்தாறு வருஷம்."

தெரிந்துதான் பேசினேன்.

அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குத்தான் என் பயம் புரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் லாரிகள். இன்ஜினின் அடியிலிருந்து எண்ணெய் மொத்தமாகக் கொட்டினால் நேராகப் பின்சக்கரத்தில்தான் படும். சக்கரத்தில் எண்ணெய் பட்டால் வளைவில் வண்டி எப்படிப் படுக்கும் என்று சாப்பாட்டு மேஜையில் சோற்றுத் தட்டை வழுக்கவிட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்ததே இந்த மகான்தான். எனக்கு ராத்திரியில் கண்ணை மூடினால் அந்தத் தட்டு வழுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய பையிலிருந்து கண்ணாடிக் கம்பியை எடுத்தேன். கொட்டகையில் பாயைப் போட்டுப் படுத்து, பக்கவாட்டிலிருந்து, தட்டும் இன்ஜினும் சந்திக்கிற இடுக்கில் அதைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தேன். முதலில் என் மூக்குத்தான் தெரிந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் ஸ்பாஞ்சின் விளிம்பு தெரிந்தது, கறுத்து, ஊறி, உப்பிப்போய். அதற்கு மேலே இன்ஜினின் அலுமினிய ஓரம் முழுக்கப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொப்புளம் உடைந்த இடத்தில் வெள்ளை. அதே மாவு. விரலை நுழைத்து எடுத்தேன். உப்பும் எண்ணெயும் கலந்த ஈரம். ஸ்பானரைக் கொண்டுவந்து தட்டின் போல்ட்டைத் திருகிப் பார்த்தேன். அது துருவேறி இறுகிக் கிடந்தது, இம்மி அசையவில்லை.

மகளிடம் போய்ச் சொன்னேன். அவள் மறுநாளைக்கு உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்கு எனக்கு முதல் நாள்மா. ஆரம்பிச்சிடாதே. அப்பாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

அப்பாவிடம் மறுபடி சொன்னேன். "என் பையில கை வெச்சியா?" என்றார். அதுதான் அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அன்று சாயங்காலம் டேங்க்குக்கு இன்னொரு கோட் மெழுகு போட்டார், புதுப்பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற மாதிரி.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. மகள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் பின்னாலேயே துடைக்கிற துணியோடு வந்தார். இரண்டு பேரும் கொட்டகைக்குள் பார்த்து அப்படியே நின்றார்கள்.

நான் உறையை எடுத்துவிட்டிருந்தேன். அவருடைய சிவப்பு மார்க்கரால் அந்தப் பளபளக்கிற டேங்க்கின் நட்டநடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பெருக்கல் குறி போட்டிருந்தேன். ஒருதரம் போட்டால் போதாது என்று அதன்மேலேயே இன்னொருதரமும் அழுத்திப் போட்டிருந்தேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "யாரு... யாரு பண்ணது இதை?"

"யாருன்னு கேக்கக் கூடாது" என்றேன்.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா? ஏம்மா இப்படிப் பண்ணே?"

"ஏன்னும் கேக்கக் கூடாது."

"விளையாடறியா நீ? மெழுகு போட்ட டேங்க் இது!" அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. ஸ்கூட்டரை வெளியே எடுத்த எதிர்வீட்டு பேங்க்காரர் அப்படியே நின்று பார்த்தார். இவர் அலமாரியிலிருந்து பெயின்ட் தின்னர் பாட்டிலை எடுத்துத் துணியை நனைத்தார். டேங்க்குப் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினார்.

என் வாய் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. "துடைங்க. அந்த மேனேஜரும் இப்படித்தானே துடைச்சாரு" என்றேன்.

தூக்கின கை தூக்கினபடி நின்றது. தின்னர் சொட்டு இரண்டு அவர் சட்டையில் விழுந்தது. அப்புறம் துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

"சாவியைக் குடு பாப்பா."

"அப்பா, நேரமாச்சுப்பா!"

"சிவப்பு போட்டிருக்கு."

"அது அம்மா போட்டதுப்பா!"

"யார் போட்டா என்ன" என்றார். சொல்லிவிட்டு ஸ்பானர் பெட்டியை இழுத்துக்கொண்டு தரையில் படுத்தார்.

முதல் போல்ட்டின் தலை உடைந்தே போயிற்று. இரண்டாவதை எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி தட்டி எடுப்பதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மகள் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்தாள். கடைசியில் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கூடவே ஸ்பாஞ்ச் சொதக்கென்று தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் கறுப்பாகக் குளம் கட்டிற்று. இத்தனை நாள் ஒழுகிய எண்ணெயெல்லாம் எங்கே போயிற்று என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்தனையையும் அது குடித்துவிட்டு, எங்களுக்கு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு மட்டும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்பாஞ்சின் ஒரு பக்கத்தில் பழைய மெத்தை உறை இன்னும் ஒட்டியிருந்தது. நீல மீன்கள் போட்ட துணி. அவளுக்கு மூன்று வயதில் நான் தைத்தது.

இன்ஜினின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மேலே நிலைக்கண்ணாடி, கீழே அம்மை வார்த்த முகம். வெள்ளை பூத்து, குழி விழுந்து, ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி அதன் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் டொக் என்றது. அங்கே நுனியை வைத்தார். குத்தவில்லை, சும்மா வைத்தார். அது உள்ளே போய்விட்டது.

எண்ணெய் வந்தது. அவர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கைக்குப் போய், பனியனுக்குள் ஓடியது. அவர் கையை எடுக்கவேயில்லை.

ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்தேன். சுண்ணாம்பைப் பற்றி, பச்சைச் சுவரைப் பற்றி, பேப்பரைப் பற்றி, இருபத்தாறு வருடத்தைப் பற்றி. ஒவ்வொன்றாக எடுத்து விட வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை.

வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "பஞ்சு" என்றார். "நானேதான் வெச்சேன். என் கையால வெச்சேன், பாப்பா" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் வேலை விஷயமாக அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

மகள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். இஸ்திரி போட்ட உடுப்போடு அந்த எண்ணெயிலேயே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் வருதுன்னு நான்தானேப்பா சொன்னேன்" என்றாள். அவளும் ஆரம்பித்துவிட்டாள். இவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வேன்? எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் யாராவது ஒருத்தருக்கு நிதானம் வேண்டுமே. "எழுந்திரு, வேற உடுப்பு மாத்து. பஸ் இருக்கு" என்று அதட்டினேன்.

பேங்க்காரர் வாசல்வரை வந்திருந்தார். "நான் பஸ் ஸ்டாப்புல விட்டுடறேன். தைரியமா உக்காரும்மா, என் ஸ்கூட்டர் ஒழுகாது" என்றார். எங்கள் ஆள் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர் காதுக்கு எப்போதோ போயிருக்கிறது. அப்பாவும் மகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஜினின் கீழ்ப்பாதியையே மாற்ற வேண்டியதாயிற்று. மெக்கானிக் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு பள்ளத்துல இறங்கியிருந்தா போதும் சார்" என்றான். மேற்கொண்டு சொல்ல வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். ஒரு மாதம் வண்டி அவனிடம் கிடந்தது. டேங்க்கில் இருந்த சிவப்பைத் துடைக்கட்டுமா என்று கேட்டானாம். "கை வெக்காதே" என்று இவர் கத்தியிருக்கிறார்.

வண்டி திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அபிஷேகம் நடக்கவில்லை. பக்கெட்டில் நல்ல தண்ணீர் எடுத்து, குவளையால் ஊற்றி, அடியில் ஒட்டியிருந்த உப்பைக் கையால் தேய்த்துக் கழுவினார். துணியால் ஒற்றி எடுத்தார். பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அந்தச் சூட்டிலேயே மிச்ச ஈரத்தைக் காயவிட்டார். போல்ட் தலைகளுக்குக் கொஞ்சம் கிரீஸ். தட்டை மறுபடி மாட்டினார், ஆனால் அதில் சல்லடை மாதிரி ஓட்டைகள் போட்டு, இன்ஜினுக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு. அதற்குள் எதையும் அடைக்கவில்லை. பிளாஸ்டிக் உறை குப்பைக்குப் போயிற்று. துணியில் ஒரு உறை தைத்துக் கொடு என்று என்னிடம் வந்து நின்றார். என் டிபார்ட்மென்டில் வேலை இருக்கிறது, முறைப்படி வரிசையில் வரச் சொன்னேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நோட்டையும் கண்ணாடிக் கம்பியையும் என்னிடம் நீட்டினார்.

"என்னங்க இது?"

"நீ பாத்துட்டு கையெழுத்துப் போடு."

"நீங்கதான் பாத்தாச்சே. இருபத்தாறு வருஷம்."

அவர் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். "வேலை செஞ்சவனே செக் பண்ணக் கூடாதும்மா. ஃபாக்டரியில இதுக்காக எத்தனை பேரை மெமோ குடுத்து அலையவிட்டிருக்கேன்" என்றார்.

பாயைப் போட்டுப் படுத்தேன். டார்ச்சை அவரைப் பிடிக்கச் சொன்னேன். அவசரமே படவில்லை. "அந்த மூலையில என்ன கறுப்பா?" என்றேன். நிழல் என்றார். "அப்ப டார்ச்சை ஒழுங்கா புடிங்க" என்றேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார் மனிதர். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தின்னரில் துணியை நனைத்து டேங்க்கின் சிவப்பை நானே துடைத்தேன். கூடவே மேல் பாலிஷும் போய்விட்டது. இன்றைக்கும் வெயிலில் நிறுத்தினால் அந்தப் பெருக்கல் குறி மங்கலாகத் தெரியும். டேங்க்கில் ஒரு விரல் ரேகை பட்டால் துள்ளுகிற ஆள், அதன்மேல் மட்டும் இன்னும் மெழுகு போடவில்லை.

மகள் இப்போது அதில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். நடுவில் ஒன்றும் இல்லாததால் அந்தத் தட்டு தடதடவென்று தெருவையே எழுப்புகிறது. முதல் நாள் அவள் கிளம்பினபோது, "சத்தம் வருதுங்க" என்றேன். "வரட்டும்" என்றார். பாப்பா முகம் சுளிக்கவில்லை.

ஃபாக்டரி பஸ்ஸில் அவர் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து விளையாட்டுச் செய்தி படிக்கிறார். பக்கம் திருப்புகிற சத்தமே வராது. ஆறேகால் ஆனதும் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். ஏன் நிறுத்தினாய் என்று அவரும் கேட்பதில்லை, ஏன் திருப்பவில்லை என்று நானும் கேட்பதில்லை. தெருமுனையில் அந்தப் பாத்திரக்கடை சத்தம் கேட்டதும் அவர் எழுந்து கதவைத் திறக்கப் போகிறார், நான் ஊசியில் நூல் கோக்கிறேன்.